மூன்றாம் ஓலை

ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டிய வருஷம் என்று சொன்னால், உங்களில் எண்பதைத் தாண்டியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தாண்டாதவர்கள் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். நாற்பத்திரண்டு, ஏப்ரல் மாதம். ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், வந்து குண்டு போடப் போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியது. எங்கள் சாந்தோம் தெருவில் பாதி வீடுகளுக்கு மேல் பூட்டுத் தொங்கியது. காலையில் ஒருவர் வந்து, வரமாட்டான் என்பார். அவரே சாயங்காலம் குதிரை வண்டியில் எழும்பூருக்குப் போய்க்கொண்டிருப்பார். எனக்கு ஒன்பது வயது. யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் எல்லோர் சொல்வதையும் நம்பினேன்.

நாங்கள் போகவில்லை. அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "மத்தவங்களுக்கு ஊர்னு ஒண்ணு இருக்கு, ஓடறாங்க. நாம எங்க போறது? பறங்கிக்காரன் காலத்துலேருந்து நமக்கு இதுதான் ஊரு" என்று சொல்லிவிட்டார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அத்தையின் கலியாணம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபத்தாறு வயது. அந்தக் காலக் கணக்கில் முற்றிய கத்தரிக்காய் என்று அம்மா அடுப்பங்கரையில் சொல்லுவாள், அத்தை காதில் விழும்படியே சொல்லுவாள். அத்தை பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நாலாம் வகுப்பு டீச்சர். நெட்டை உடம்பு, பெரிய பாதம். சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. வந்த வரன்கள் எல்லாம் எதற்கோ தட்டிப்போய், கடைசியில் ராயப்பேட்டையிலிருந்து ஒரு குமாஸ்தா மாப்பிள்ளை அமைந்தார். அவருடைய ஆபீசையும் யுத்த பயத்தில் உள்நாட்டுப் பக்கம் எங்கேயோ மாற்றப் போகிறார்கள், அதற்குள் தாலி கட்டிவிட வேண்டும் என்று அவசரம்.

எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலியாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசிப்பார். ஓலை வாசிப்பது என்போம். இவர்கள் கலியாணத்துக்கு ஏதாவது தடை இருப்பது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவம் என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். முதல் ஓலை விழுந்துவிட்டால் தாலி ஏறும்வரை பெண் பூசைக்குத் தவிர வாசலைத் தாண்டக் கூடாது. இது சாமியார் சொன்னதல்ல, அம்மாக்கள் சொல்லிக்கொண்டது.

அத்தைக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது, வரும் ஞாயிறு. அதற்கு முந்தின புதனோ வியாழனோ, எனக்கு நிச்சயமில்லை. அப்பா யாரையோ ரயிலேற்றப் போயிருந்தார். அம்மா மந்தைவெளியில் பெரியம்மா வீட்டுக்குக் கலியாண முறுக்கு சுற்றப் போயிருந்தாள். அத்தை பித்தளை டிபன் டப்பாவில் தயிர்சாதத்தை அடைத்தாள், கறுப்புக் குடையை எடுத்தாள்.

"வா, ஒரு ஊரைப் பாத்துட்டு வரலாம்."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்."

எனக்குப் புரியவில்லை. அத்தை ரவிக்கைக்குள்ளிருந்து எண்ணெய்க் காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஏதோ பழைய புத்தகத்தின் மேல் வைத்துப் பென்சிலால் அவளே வரைந்து எடுத்த படம். ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் கோணல்மாணலாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் மதில் என்றாள். நாங்கள் இருக்கும் இடம் ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த பட்டணமாம். வாசல்களும் பீரங்கிகளும் இருந்தனவாம். பிறகு வந்தவர்கள் இடித்துப் போட்டார்களாம்.

"ஆறு வருஷமா இதைப் பாடம் நடத்தறேன். வருஷா வருஷம் ஏதாவது ஒரு பொண்ணு எழுந்து, மதிலு எங்க டீச்சர்னு கேக்குது. போயிடுச்சு உக்காருன்னு சொல்லிடறேன். நான் போய்ப் பாத்தேனா? பாக்கல. இன்னும் ரெண்டு வாரத்துல எந்தக் காட்டுல இருக்கப் போறேனோ."

"அம்மா திட்டுவாங்களே."

"தெருவுல ஈ காக்கா இல்ல. யாரு பாக்கப் போறாங்க?"

முதலில் கடற்கரைக்குப் போனோம். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள மணலில் கோணல் கோணலாகக் குழி வெட்டியிருந்தார்கள். குழிக்குள் மணல் மறுபடி சரிந்து பாதி தூர்ந்திருந்தது. உள்ளே ஒரு ஆடு படுத்திருந்தது. கட்டுமரங்கள் கரையில் கிடந்தன. மீன் காயும் வாசனை மட்டும் வழக்கம்போல இருந்தது, அதற்கு யுத்தம் தெரியாது. அத்தை செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கி நின்றாள். டீச்சர்கள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"கிழக்கு மதிலு இங்கதான் எங்கியோ தண்ணிக்குள்ள இருக்கணும்" என்றாள்.

"இல்லாத மதிலை எப்படி அத்தை பாக்கறது?"

"அதான் பாக்கலாம் வா."

படத்தைப் பார்த்து வடக்கே நடந்தோம். என்னை அடி எண்ணச் சொன்னாள். நூற்றுப்பத்து வரைக்கும் எண்ணிவிட்டு ஒரு நாயைப் பார்த்ததில் விட்டுவிட்டேன். பயந்துகொண்டே முந்நூறு என்று சொன்னேன். "சரி, முந்நூறுன்னா இதான் வடக்கு வாசல்" என்று நின்றாள். எதிரே ஒரு அடைத்த அரிசிக்கடை, அதன் படியில் கழுதை ஒன்று. அத்தை காற்றில் கையை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். "கதவைத் திறக்கணும், நாங்க ரெண்டு பேரு வந்திருக்கோம்" என்றாள். நான் சிரித்தேன். பிறகு பயமாக இருந்தது. பெரியவர்கள் விளையாடினால் எனக்கு எப்போதும் கொஞ்சம் அப்படித்தான். கழுதை நகர்ந்தது, அத்தை அதற்கு நன்றி சொன்னாள்.

மேற்கே திரும்பினோம். அந்தத் தெருக்களை நீங்கள் இன்று பார்த்தால் நான் சொல்வதை நம்பமாட்டீர்கள். ஒரு வண்டி இல்லை. திண்பண்டம் விற்பவன் குரல் இல்லை. பூட்டின வீடுகளுக்குள்ளே எங்கேயோ ஒரு கடிகாரம் மணியடித்தது, சாவி கொடுக்க ஆளில்லாமல் இன்னும் இரண்டு நாளில் அதுவும் நின்றுவிடும் என்றாள் அத்தை. யாரோ கொடியில் விட்டுப்போன ஒரு சிறுபிள்ளைச் சட்டை காய்ந்து மொடமொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் நடுரோட்டில் நடந்தோம். அத்தை என்னிடம் வாய்ப்பாடு கேட்கவில்லை, ஜப மந்திரம் கேட்கவில்லை. எனக்கு அந்த நாள் மிகவும் பிடித்திருந்தது.

படத்தில் மேற்கு மதில் இருந்த இடத்தில் ஒரு பெரிய பங்களா. வக்கீல் ஒருவருடையது. குடும்பத்தோடு கோயமுத்தூர் போய்விட்டார் என்று ஊருக்கே தெரியும். அத்தை கேட் கம்பி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு கிழவர் வந்தார். தோட்டத்தையும் வீட்டையும் காவல் காக்க விட்டுப்போன வாட்ச்மேன். எண்பது வயதுகூட இருக்கும். முதுகு கூன், வாயில் ஒரு பல் கிடையாது. பேசினால் பாதி காற்றாக வந்தது.

"இன்னாம்மா தேடிக்கினு கீற?"

"இங்க பழைய மதிலு ஏதாவது இருக்கா பெரியவரே?"

"மதிலா? பின்னாண்ட ஒரு குட்டிச்செவுரு கீது. அது மதிலா இன்னான்னு எனக்கின்னா தெரியும்? இட்சிடாதடான்னு ஐயா சொல்லிக்கீறாரு, நானும் இடிக்கல. வா, வந்து பாரு."

நாங்கள் நுழைந்ததும் கேட்டை இழுத்துச் சங்கிலி போட்டார். "ஆடு பூந்துடும்மா. இந்தக் குப்பத்து ஆடுங்களுக்குக் கலெக்டரு பங்களான்னாலும் ஒண்ணுதான்."

பின்பக்கம், மாமரத்துக்கு அப்பால் இருந்தது. அத்தையின் இடுப்பு உயரம். இரண்டு ஆள் படுக்கிற அகலம். இப்போதைய செங்கல்லில் பாதி கனமுள்ள செங்கற்கள், நடுவில் சுண்ணாம்பு. மேலே வாட்ச்மேனின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பீரங்கியாவது இருக்கும் என்று வந்தவள் நான்.

"இதுவா அத்தை?"

"இதேதான்டி."

வேட்டியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கல்லின் மேல் வைத்தாள். வெயிலில் நன்றாகச் சுட்டிருக்கும். எடுக்கவில்லை. அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம் என்று எழுதினால் குறைகிறது.

வாட்ச்மேன் நுங்கு சீவிக் கொடுத்தார். தனக்கு ஒன்றை எடுத்து ஈறால் நசுக்கி உறிஞ்சினார், தாடையெல்லாம் வழிந்தது. தயிர்சாதத்தில் அவருக்கும் ஒரு பங்கு வைத்தாள் அத்தை. நான் மாமரத்தடியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது அத்தை அந்த மதில்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கிழவர் கீழே குந்தி, தம் சின்ன வயதில் இதே மண்ணில் ஓர் இரும்புக் குண்டைத் தோண்டியெடுத்ததையும், அதை அவருடைய நைனா தராசுக் கல்லாக வைத்துக்கொண்டதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைக்குத் தோள் குலுங்கியது.

வெளியே வந்தோம். கிழவர் உள்ளேயிருந்து சங்கிலியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எதிர்ச்சாரியில் விசில்காரர் நின்றுகொண்டிருந்தார். விமானத் தாக்குதல் வந்தால் ஊதுவதற்காகத் தகரத் தொப்பியும் விசிலும் கொடுத்து ஊருக்கு ஊர் தொண்டர்களை நியமித்திருந்தார்களே, அவர்களில் ஒருவர். எங்கள் கோயிலுக்கே பூசைக்கு வருகிற பங்குக்காரர்தான். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்து உறவு.

"இன்னா டீச்சர், இங்க? இது காலி வீடுன்னு எழுதி வெச்சிருக்கேனே?"

"ஊரைப் பாக்க வந்தோம்" என்றாள் அத்தை.

அவர் அத்தையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், என் தலையில் ஒட்டியிருந்த மாவிலைச் சருகைப் பார்த்தார். குண்டு போட ஜப்பான்காரன் வராததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமிருந்தது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவரும் மாப்பிள்ளையின் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முறுக்கு வைத்தாள் அம்மா. அவர்கள் தொடவில்லை. மாப்பிள்ளையின் அக்கா என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அப்பா நாற்காலியில். அத்தை எனக்குப் பின்னால், சுவரோரமாக.

நான் அந்த வருஷம்தான் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகப் பூசையில் நற்கருணை, வாங்கியிருந்தேன். அதற்கு முன்னால் மூன்று மாதம் ஞானோபதேச வகுப்பு. கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். கேட்டதற்கு மட்டும், புத்தகத்தில் உள்ளபடி. ஒரு வார்த்தை கூடச் சேர்த்தால் உபதேசியார் பிரம்பால் முட்டியில் ஒன்று வைப்பார். பொய் சொன்னால் நரகம். இந்த இரண்டும் அப்போது எனக்குள் நன்றாக ஏறியிருந்தன.

"அத்தைகூட எங்க போனே கண்ணு?"

"பங்களாவுக்கு."

"பூட்டின பங்களாவுக்கா?"

"ஆமா."

"உள்ள ஆம்பள இருந்தானா?"

"இருந்தாரு."

"கேட்டை மூடினானா?"

"மூடினாரு. சங்கிலி போட்டாரு."

"உங்க அத்தை அவன்கூடப் பேசிக்கினு இருந்தாளா?"

"ரொம்ப நேரம்."

"நீ இன்னா பண்ணே?"

"தூங்கிட்டேன்."

அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்தாள். விசில்காரர் தம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இதுல இன்னா இருக்கு சார்? தெரிஞ்சிக்கினு சொல்லாம இருந்தா பாவம்னு சாமியாரு ரெண்டு வாரமா சொல்றாரே. அதான் வந்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அந்த அறையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

அப்பா திரும்பி அத்தையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "போனியா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"போனேன்."

அந்த வாட்ச்மேனுக்குப் பல்லே இல்லை என்று எனக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது. நுங்குகூடக் கடிக்க முடியாது, கூன் கிழவர், நாங்கள் மதில் பார்க்கத்தான் போனோம் என்று. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைவு. அப்போது அத்தையின் கை பின்னாலிருந்து என் தோளில் விழுந்து இறுக்கியது. வலித்தது. பேசாதே என்கிறாள் என்று புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

"ஓலை விழுந்தப்புறம் வெளிய போகாதேன்னு தலதலயா அடிச்சிக்கினேன்" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். வந்தவர்கள் எழுந்துபோனார்கள்.

மறுநாள் பூசையில் சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். எங்களுடையது வரவில்லை. அது வரும், வரும் என்று நான் கடைசிவரை காத்திருந்தேன். அத்தை ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் பாதி பெஞ்சு காலி, ஆனாலும் எல்லோரும் எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மாப்பிள்ளை ஆபீசோடு ஊர் மாறிப் போனார், போன இடத்தில் சீக்கிரமே கலியாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம். ஜப்பான்காரன் வரவே இல்லை. மழைக்காலத்துக்குள் பாதிப் பேர் அசடு வழியத் திரும்பிவிட்டார்கள். வக்கீலும் வந்தார். அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் எங்கள் வாசலில் அந்தக் கிழவர், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

அப்பாதான் போய் நின்றார். "யாரு வேணும்?"

"டீச்சரம்மா கீறாங்களா சார்? வக்கீலய்யா பங்களா வாட்ச்மேன் நானு. அன்னிக்கி மதிலு பாக்க வந்தாங்களே, கொயந்தைய இட்டுக்கினு. எனக்குக்கூட சோறு போட்டாங்க. அதான், தோட்டத்துப் பயம்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கு பங்களாவுல வேற யாரு இருந்தா?"

"வேற யாரு கீறாங்க? ஊரே ஓடிப்பூட்சே. நான் ஒண்டிதான்."

அப்பா பழத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தையிடம் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொன்னமாதிரி நான் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் முதல் டம்ளர் காப்பியை அவரே எடுத்துக்கொண்டுபோய் அத்தைக்குக் கொடுத்தார், சாகிறவரை கொடுத்தார். அத்தை அதை வாங்கிக் குடித்தாள். வேறு வரன் பார்க்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

நான் வளர்ந்து, விவரம் தெரிந்து, அன்றைக்கு என் வாயால் என்ன ஆயிற்று என்று புரிந்தபோது எனக்குள் ஒரு சமாதானம் செய்து வைத்துக்கொண்டேன். அத்தைக்கு அந்தக் கலியாணம் பிடிக்கவில்லை. தட்டிக்கழிக்க ஒரு வழி கிடைத்தது, பிடித்துக்கொண்டாள். அதனால்தான் என் வாயை அடைத்தாள். எவ்வளவு வசதியான சமாதானம் பாருங்கள். நாலாம் வகுப்பு, அப்புறம் தலைமை ஆசிரியை, ஓய்வு, வாசலில் பழைய மாணவிகள் கூட்டம் என்று அவள் நிறைவாகத்தானே இருந்தாள் என்று கணவரிடம் சொல்லுவேன், பிள்ளைகளிடம் சொல்லுவேன்.

அத்தைக்கு எழுபத்தொன்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். நான் தினமும் போய்த் தலைவாரி விடுவேன். ஒரு மத்தியானம் கேட்டுவிட்டேன்.

"அத்தை, அன்னிக்கு ஏன் அவரு ஒரு கெழவருன்னு நீ ஒரு வார்த்தை சொல்லல?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "போனியான்னு கேட்டாங்க, போனேன்னேன். அந்த ஆளு யாருன்னு ஒருத்தர் கேக்கல. எங்க அண்ணன் கேக்கல."

"கேக்காட்டி என்ன, நீயா சொல்லியிருக்கலாமே."

"நானா சொன்னா தப்பிச்சிக்கறதுக்குச் சொல்றேன்னு ஆயிருக்கும். கேக்காதவங்களுக்கு நான் ஏன் சொல்லணும்?"

சீப்பு என் கையில் நின்றது. "உனக்கு அந்தக் கலியாணம் பிடிக்கலன்னுதான் நான் இத்தனை வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்."

"பிடிக்கலியா? ரெண்டு ஓலைக்கும் முதல் பெஞ்சுல போய் உக்காந்து கேட்டேனேடி. கலியாணப்பொண்ணு அப்படி உக்காரலாமான்னு உங்கம்மா என்னைக் கிள்ளிக்கினே இருந்தா."

"அப்போ என் தோளை ஏன் அழுத்தினே? பேசாதேன்னுதானே?"

அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"பேசாதேன்னா? சொல்லுடின்னு அழுத்தினேன். சொல்லுடி, சொல்லுடின்னு."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதோ நடந்ததைச் சொல்லுகிறமாதிரிதான் சொன்னாள். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அவள் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினேன், மறுபடியும் மறுபடியும் அவிழ்ந்துபோயிற்று.